புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவுகளும் செவிலியர் பராமரிப்பும்

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றால் உடலில் தோன்றும் வேண்டாத விளைவுகளை முன்கூட்டியே எதிர்பார்த்துத் தடுப்பதும், தோன்றியவற்றை உரிய நேரத்தில் கண்டறிந்து தணிப்பதும் புற்றுநோய்ச் செவிலியத்தின் பெரும்பகுதியாகும். தமிழ்நாட்டில் செவிலியர் என்றும் இலங்கையில் தாதியர் என்றும் அழைக்கப்படும் இவர்களே மருத்துவமனையில் நோயாளியுடன் அதிக நேரம் இருப்பவர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த மருந்து நோயாளியின் உடலில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் செவிலியருக்கே முதலில் தெரிய வருகிறது.

பேச்சுவழக்கில் கீமோ எனப்படும் வேதிச்சிகிச்சை இன்று பெரும்பாலும் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளி மாலையில் பேருந்து ஏறி ஊருக்குப் போய்விடுகிறார். ஆனால் மருந்தின் கடுமையான விளைவுகள் அதற்குப் பிறகே வருகின்றன. வாந்தி இரண்டாம், மூன்றாம் நாளில் கூடலாம். வாய்ப்புண் ஒரு வாரத்தை ஒட்டித் தோன்றும். இரத்த வெள்ளணுக்கள் பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாள்களுக்குள் அடிமட்டத்தைத் தொடும். அதாவது, செவிலியர் அருகில் இல்லாத நாள்களில்தான் அவருடைய பராமரிப்பு அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே ஊசி போடுவதற்கும் மருந்து ஏற்றுவதற்கும் இணையாக, நோயாளிக்கும் வீட்டாருக்கும் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது காத்திருக்கக் கூடாது என்று கற்பிப்பதும் இப்பணியின் மையமாகிறது.

பக்கவிளைவுகள் தோன்றும் விதம்

முதல் வேதிச்சிகிச்சை மருந்து ஒரு நச்சு விளைவிலிருந்தே பிறந்தது. முதல் உலகப்போரில் கடுகு வாயுவால் பாதிக்கப்பட்ட வீரர்களின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். அவ்வாயுவோடு உறவுடைய நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் சேர்மத்தை 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்பிரட் கில்மன் ஆகியோரின் ஆய்வுக் குழு நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தியது. கட்டிகள் சுருங்கின, கூடவே வெள்ளணுக்களும் சரிந்தன. நோயை அழிக்கும் செயலும் உடலை வருத்தும் செயலும் ஒன்றே என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இம்மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல்கள் அத்தகையவை. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள், வாயிலிருந்து குடல் வரை உள்ள உட்சவ்வின் செல்கள், மயிர்க்கால்களின் செல்கள் ஆகியவையும் அத்தகையவையே. தொற்று, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். குமட்டல் வேறு வழியில் வருகிறது. மருந்தால் தூண்டப்பட்ட குடற்செல்கள் செரோட்டோனின் என்னும் பொருளை வெளியிட, அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தை எட்டுகிறது.

பக்கவிளைவின் கடுமையைக் குறிக்க, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிடும் பொது அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2017 இல் வந்தது. தரம் 1 இலேசானது. தரம் 4 உயிருக்கு ஆபத்தானது. தரம் 5 என்பது மரணம். இந்த அளவுகோல் செவிலியருக்குத் தரும் பெரிய உதவி, கேள்வியைத் திருத்திக்கொள்ள வைப்பதுதான். "வாந்தி இருந்ததா?" என்று கேட்டால் "கொஞ்சம் இருந்தது" என்றே பதில் வரும். "நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை எத்தனை முறை? தண்ணீர் தங்கியதா? சிறுநீர் கடைசியாக எப்போது போனது?" என்று கேட்டால் நிலைமை விளங்கும்.

மருந்து ஏற்றும் வேளையில்

வேதிச்சிகிச்சை மருந்துகளில் சில, சிரைக்கு வெளியே கசிந்தால் தசையையே அழுகச் செய்யும். சிவப்பு நிறத்தால் நோயாளிகள் எளிதில் அடையாளம் காணும் டாக்சோரூபிசின் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் மற்றொன்று. பல சுற்றுகள் கண்ட நோயாளியின் கையில் நல்ல சிரை கிடைப்பது அரிது. "நரம்பே கிடைக்கவில்லை" என்ற பேச்சு எல்லாப் புற்றுநோய்ப் பிரிவுகளிலும் கேட்பதுதான். ஆயினும் இத்தகைய மருந்துகளை மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ஏற்றுவதும், முந்தைய நாள் போட்ட ஊசிக்குழாயில் ஏற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டும். அவ்விடங்களில் கசிந்தால் தசைநாரும் மூட்டும் கெடும்.

மருந்து ஏறும்போது எரிச்சல், வலி, வீக்கம் எது தெரிந்தாலும் உடனே சொல்லும்படி நோயாளியிடம் முன்பே கூறிவைக்க வேண்டும். செவிலியர் வேலையாக இருக்கிறாரே என்று பொறுத்துக்கொண்டு இருப்பவர்கள் பலர். கசிந்ததாக ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்தி, ஊசிக்குழாயை எடுக்காமல், அதன் வழியே முடிந்த அளவு மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். உப்புநீர் செலுத்தி அலசக் கூடாது. அழுத்தித் தேய்க்கவும் கூடாது. கசிந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்த படியில்தான் தவறு நிகழ வாய்ப்பு அதிகம்: டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் கேடு கூடும். எனவே பல பிரிவுகளில் இதனைச் சுவரில் எழுதி வைத்திருப்பர்.

வின்கிரிஸ்டின் தொடர்பாக இன்னொரு விதி உண்டு. அது சிரையில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். முதுகுத்தண்டில் தவறிச் செலுத்தப்பட்டால் ஏறக்குறைய எப்போதும் உயிர் போய்விடும். அதே நாளில் முதுகுத்தண்டு வழி வேறொரு மருந்து பெறும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் இப்பிழை உலகின் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான். பையிலுள்ள அளவை யாரும் முதுகுத்தண்டில் செலுத்த முற்படமாட்டார்கள்.

பாக்லிடாக்சல் போன்ற மருந்துகளில் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் சுற்றில், மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் வரும். முகம் சிவத்தல், மார்பு இறுக்கம், மூச்சுத்திணறல், முதுகுவலி ஆகியவை அறிகுறிகள். அந்த முதல் பத்து நிமிடங்கள் செவிலியர் கட்டிலருகே நிற்க வேண்டியவை.

குமட்டலும் வாந்தியும்

1990களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரான் பயன்பாட்டுக்கு வருமுன், சிஸ்பிளாட்டின் பெற்ற நோயாளிகள் ஒரே நாளில் பல முறை வாந்தியெடுத்துத் துவண்டனர். சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்களும் உண்டு. இன்று டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஒலான்சபின் ஆகியவற்றுடன் சேர்த்துக் கொடுக்கும்போது பலருக்கு வாந்தி பெருமளவு கட்டுப்படுகிறது. முதல் 24 மணி நேரத்தில் வருவது உடனடி வாந்தி. அதன் பின் ஐந்து நாள்கள் வரை வருவது தாமத வாந்தி. மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது இரண்டாவதைத் தடுக்கத்தான். ஆனால் "வாந்தியே வரவில்லை, எதற்கு மாத்திரை?" என்று எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் நாள் துவண்டுபோய் வருவோர் உண்டு. வாந்தி வந்தபின் எடுத்தால் மாத்திரையே வெளியே வந்துவிடும். கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டியது என்பதை வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்ல வேண்டும்.

ஒலான்சபின் மனநோய்க்கும் தரப்படும் மருந்து. மருந்துக்கடையில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் நோயாளி அதைத் தொடமாட்டார். இங்கே இது வாந்திக்காகவே தரப்படுகிறது, தூக்கம் வரும், இரவில் எடுக்க வேண்டும் என்று செவிலியர் முன்பே கூறிவிட்டால் பிரச்சினை இல்லை. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைத் தரும் என்பதையும் அப்போதே சொல்வது நல்லது.

முன் சுற்றுகளில் கடுமையாக வாந்தியெடுத்தவருக்கு, மருத்துவமனை வாசலை மிதித்ததும் அல்லது அந்தச் சிவப்பு மருந்தைப் பார்த்ததும் குமட்டும். இது நடிப்போ மனப்பலவீனமோ அன்று. உடல் கற்றுக்கொண்ட பாடம். இது வராமல் காப்பதற்கு உள்ள நல்ல வழி, முதல் சுற்றிலேயே வாந்தியை முழுமையாகக் கட்டுப்படுத்துவது.

வீட்டுச் சமையலில் தாளிக்கும் வாசனையும் மீன் பொரிக்கும் வாசனையும் குமட்டலைக் கூட்டும். சூடான உணவை விட ஆறிய இட்லி, கஞ்சி, மோர்ச்சாதம் ஆகியவற்றுக்கு வாசனை குறைவு. சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணலாம். மருந்து ஏறும் நாளில் நோயாளிக்கு மிகப் பிடித்த உணவை ஆசையாகச் சமைத்துக் கொண்டுவருவது வேண்டாம் என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அன்று வாந்தியோடு சேர்ந்துவிட்ட உணவு பிறகு ஆண்டுக்கணக்கில் பிடிக்காமல் போகக்கூடும்.

காய்ச்சல்

வேதிச்சிகிச்சையின் பக்கவிளைவுகளில் மிக விரைவாக உயிரைப் பறிக்கக்கூடியது வெள்ளணுக் குறைவின்போது வரும் காய்ச்சல். வீட்டில் மிக எளிதாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே.

கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணுக்கள் நியூட்ரோஃபில்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை 1,500க்குக் கீழே வந்தால் குறைவு. 500க்குக் கீழே வந்தால் கடுங்குறைவு. சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்களே. அவை இல்லாத உடலில் புண்ணில் சீழ் வைக்காது. வீக்கமும் சிவப்பும் தெளிவாகத் தெரியாது. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே படத்தில் நிழல் விழாமல் இருக்கலாம். தொற்றின் வழக்கமான அடையாளங்கள் எல்லாம் மறைந்துபோய், எஞ்சி நிற்கும் ஒரே அறிகுறி பல வேளைகளில் காய்ச்சல்தான். பார்ப்பதற்கு நோயாளி நன்றாகவே இருப்பார். பேசுவார், நடப்பார், காபி குடிப்பார். சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேரும்.

வாய் வழி அளவில் ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் நீடிக்கும் 38 டிகிரி என்பது மருத்துவ வரையறை. நம் வீடுகளில் உள்ள தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் காட்டுபவை. எனவே நோயாளிக்கு நினைவில் நிற்க வேண்டிய எண் 100.4. இந்த எண்ணையும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதிக் கொடுக்கும் செவிலியர் நோயாளிக்குப் பெரும் நன்மை செய்கிறார். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, அதைப் பார்க்கத் தெரியுமா என்றும் கேட்க வேண்டும். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது இங்கே போதாது.

தவறு நிகழும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. பத்தாம் நாள் இரவு உடம்பு சுடுகிறது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். சூடு தணிகிறது. விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். மாத்திரை தணித்தது காய்ச்சலைத்தான், தொற்றை அன்று. விடியும்போது நோயாளி குளிர்ந்து, குழறிப் பேசிக்கொண்டிருப்பார். இன்னொரு வழியும் உண்டு: தெருமுனை மருத்துவரிடம் போய் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருவது. வெள்ளணுவோடு தட்டணுக்களும் குறைந்திருக்கும் நாளில் தசையில் போடும் ஊசியால் உள்ளே இரத்தம் கட்டும். அதுவே தொற்றுக்கும் இடமாகும். ஆகவே வெப்பத்தை அளந்து, மருத்துவமனையை அழைத்த பின்னரே பாராசிட்டமால் எடுக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாந்திக்காகத் தரப்படும் டெக்சாமெத்தசோனும் காய்ச்சலை மறைக்கும். முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். உடல் நடுக்கம், மூச்சு வாங்குதல், திடீர்க் குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவை தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் ஆபத்தின் அறிகுறிகள்தாம்.

அவசரப் பிரிவுக்கு வந்ததும் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கற்பிக்கலாம்: "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்று பத்தாவது நாள், காய்ச்சல் 101." வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் நுண்ணுயிர்க்கொல்லி சிரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. அதற்கு முன் இரத்த வளர்சோதனைக்கு மாதிரி எடுக்கப்படும். ஆனால் பரிசோதனை முடிவுக்காக மருந்து காத்திருக்காது. இந்நோயாளிகளுக்கு ஆசனவாய் வழியே வெப்பம் பார்ப்பதும், எனிமா கொடுப்பதும், ஆசனவாயில் மருந்து வைப்பதும் கூடாது. சிறு கீறல் போதும், குடற்கிருமிகள் இரத்தத்தில் புக.

தடுக்கும் முறைகளில் கை கழுவுதல்தான் முதன்மையானது. அடுத்த சுற்றில் எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி தரப்படலாம். அதனால் இடுப்பெலும்பும் முதுகும் வலிக்கும். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது என்று முன்பே சொன்னால் நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயம் வராது. உணவைப் பொறுத்தவரை, பழம் காய்கறிகளை அறவே விலக்கும் கடும் பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவியது, அப்போது சமைத்தது, கொதித்து ஆறிய நீர் ஆகியவை போதும். தெருவோரச் சட்னியும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

நோயாளியைப் பார்க்க உறவினர் கூட்டம் வருவது தமிழ்க் குடும்பங்களில் அன்பின் அடையாளம். சளியோடு வரும் மாமாவை வாசலில் நிறுத்த எந்த மருமகளாலும் முடியாது. "யாரையும் உள்ளே விடக் கூடாதென்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்" என்று பழியைத் தம்மீது போட்டுக்கொள்ளச் செவிலியர் அனுமதி கொடுத்துவிட்டால் வீட்டாருக்குப் பெரிய விடுதலை.

வாய்ப்புண்

5-ஃபுளோரோயூராசில், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றைப் பெறுவோருக்கும், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோருக்கும் வாய்ப்புண் கடுமையாக வரும். புகையிலை, வெற்றிலைப் பாக்குப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் இது செவிலியர் அன்றாடம் காணும் துன்பம். கதிர்வீச்சில் இரண்டாம் வாரத்தை ஒட்டிச் சிவப்பாகத் தொடங்கி, பின் வெண்படலமாகி, எச்சில் விழுங்குவதே நெருப்பை விழுங்குவது போலாகும். சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும்.

பராமரிப்பு எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பின்னும் இடையிலும் வாய் கொப்பளிக்கலாம். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த கடைத் தைலங்கள் எரியும், தவிர்க்க வேண்டும். மிருதுவான பிரஷ், அதுவும் வலித்தால் ஈரத்துணி. வேப்பங்குச்சியும் பல்பொடியும் இந்நாள்களில் ஈறைக் கிழிக்கும். ஊறுகாய், காரக்குழம்பு, புளிரசம் விலக, பருப்பு கடைந்த குழைசாதம், ராகிக்கூழ், தயிர், அவித்த முட்டை ஆகியவை இடம்பெறும். செவிலியர் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். சுரண்டினால் உரியும் வெண்திட்டுகள் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

5-ஃபுளோரோயூராசில் சிரையில் ஒரே தடவையாகச் செலுத்தப்படும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொள்வது வாய்ப்புண்ணைக் குறைக்கும். குளிரால் இரத்தக் குழாய்கள் சுருங்க, வாய்க்கு மருந்து குறைவாகச் செல்கிறது. செலவில்லாத முறை. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த சிகிச்சையில் இதனைச் செய்யக் கூடாது. அம்மருந்து குளிருக்கு நரம்புகளைக் கூச வைக்கும். குளிர்ந்த நீர் தொண்டையில் பட்டாலே மூச்சடைப்பது போலிருக்கும்.

வலி மிகுந்தால் மார்ஃபின் தேவைப்படலாம். மார்ஃபின் என்றதும் கடைசிக்கட்டம் வந்துவிட்டதென்று குடும்பம் கலங்கும். மூக்கு வழிக் குழாய் என்றாலும் அப்படியே. புண் ஆறும்வரை சில வாரங்களுக்கான உதவிதான், எடை குறைந்தால் கதிர்வீச்சே தடைபடும் என்று விளக்கினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வர்.

கதிர்வீச்சும் தோலும்

கதிர்வீச்சு படும் இடத்தின் தோல் சிவந்து, கறுத்து, உரிந்து, சிலருக்கு நீர் கசியும். அந்த இடத்தில் வரைந்த கோடுகளை அழிக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள், நல்லெண்ணெய், வேப்பிலை அரைப்பு ஆகியவற்றைப் பூசும் பழக்கம் பரவலாக இருப்பதால், கேட்காமல் விடக் கூடாது. தளர்ந்த பருத்தி ஆடையே ஏற்றது. மார்பில் கதிர்வீச்சு பெறும் பெண்கள் இறுக்கமான உள்ளாடையைத் தவிர்க்கலாம். தாடையில் கதிர்வீச்சு பெறுவோருக்குக் கெட்ட பற்களைச் சிகிச்சைக்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள். பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். இந்த எச்சரிக்கை சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் பொருந்தும் என்பதால், எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும்.

பிற விளைவுகள்

தட்டணுக்கள் குறையும்போது ஈறில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுத்த மலம் ஆகியவை தோன்றும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. டெங்குக் காலத்தில் பரவிய பப்பாளி இலைச்சாறு இங்கும் பலரால் குடிக்கப்படுகிறது. அதட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள். என்னென்ன எடுக்கிறீர்கள் என்று இயல்பாகக் கேட்டு, மருத்துவரிடம் தெரிவிப்பதே பயன் தரும். வின்கிரிஸ்டினால் குடல் அசைவு நின்றுபோகலாம். வயிறு உப்பி மலம் மூன்று நாள் போகாதிருந்தால் தெரிவிக்க வேண்டும். பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டினால் விரல்கள் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு நழுவுவது தெரிகிறதா என்று கேட்டால் அளவு புரியும். டாக்சோரூபிசினுக்குப் பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தமன்று. சைக்ளோபாஸ்பமைடுக்குப் பின் வரும் சிவப்பு இரத்தமாக இருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் தரப்படும் சிகிச்சைமுறை மார்பகப் புற்றுநோயில் வழக்கம் என்பதால், நிறம் இரண்டு நாளைத் தாண்டினாலோ எரிச்சல், கட்டிகள் சேர்ந்தாலோ அழைக்கும்படி சொல்ல வேண்டும்.

முடி பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். தலையணையில் கொத்தாகக் கிடப்பதைப் பார்க்கும் காலைப்பொழுதை விட, முன்பே ஒட்ட வெட்டிக்கொள்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது. நம் ஊரில் மொட்டைத் தலையைக் கோயில் வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். புருவமும் இமையும் உதிர்வதற்கு அப்படிச் சொல்ல எதுவுமில்லை. ஆகவே அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வளரும்.

மருந்து ஏறிய பின் ஏறக்குறைய 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்பவர் கையுறை அணிய வேண்டும். அழுக்கான துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இவ்வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. இதனைச் சொல்லும்போது, நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டார் பொருள்கொள்ளாதபடி சொல்ல வேண்டும். தட்டும் டம்ளரும் தனியாக்கப்பட்டால் அந்தக் காயம் எந்தப் பக்கவிளைவையும் விடப் பெரிது.

சொல்லாமல் மறைக்கப்படுபவை

பக்கவிளைவுகளைச் செவிலியர் அறியாமல் போவதற்கு இரண்டு மறைப்புகள் காரணமாகின்றன. ஒன்று, நோயாளியின் மறைப்பு. உண்மையைச் சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள், சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, மரத்த விரல்களையும் வயிற்றுப்போக்கையும் சொல்லாமல் இருக்கிறார்கள். வலியைப் பொறுப்பது பெருமை என்று வளர்ந்தவர்களிடமும், வீட்டுக்குச் செலவு வைக்கிறோமே என்று கூசும் தாய்மார்களிடமும் இது மிகுதி. சொன்னால் மாற்று மருந்து உண்டு, சொல்லாவிட்டால்தான் பாதியில் நிறுத்த நேரும் என்று முதல் நாளிலேயே தெளிவுபடுத்த வேண்டும்.

மற்றொன்று குடும்பத்தின் மறைப்பு. நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் பல. "கட்டிக்கு மருந்து" என்று மட்டும் அறிந்த ஒருவர் பத்தாம் நாள் காய்ச்சலை ஏன் அவசரமாகக் கருத வேண்டும்? செவிலியர் குடும்பத்தை மீறிப் போட்டு உடைப்பதும் சரியன்று, நோயாளி நேரே கேட்கும்போது பொய் சொல்வதும் சரியன்று. உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்பது நல்ல தொடக்கம். பெயர் எதுவானாலும், இம்மருந்து வெள்ளணுவைக் குறைக்கும், காய்ச்சல் வந்தால் ஆபத்து என்ற செய்தி மட்டும் மருந்தை உடலில் வாங்குபவரிடமே நேரடியாகச் சேர வேண்டும். அதை மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு, மகன் வேலைக்குப் போன பகலில் காய்ச்சல் வந்தால் யாருக்கும் பயனில்லை.

சொல்வதும் கேட்பதும் உயிர்நீட்சியைத் தொடும் செயல்கள் என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் தலைமையில் நடந்த ஆய்வில், பரவிய புற்றுநோயுடன் வேதிச்சிகிச்சை பெற்ற 766 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் பசியின்மை, வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 அறிகுறிகளைக் கணினி வழியே தொடர்ந்து பதிந்தனர். கடுமையானது அல்லது மோசமாவது எதுவாயினும் உடனே செவிலியருக்கு மின்னஞ்சல் சென்றது. மற்ற குழுவினருக்கு வழக்கமான பராமரிப்பு. 2017 இல் வெளியான முடிவின்படி, பதிந்த குழுவின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், மற்ற குழுவினுடையது 26 மாதங்கள். மருந்தில் எந்த வேறுபாடும் வகுக்கப்படவில்லை. செவிலியர் பெரும்பாலும் செய்தது தொலைபேசியில் அழைத்து ஆலோசனை சொன்னதும், துணை மருந்துகளை மாற்றியமைக்க ஏற்பாடு செய்ததும், தேவையானவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும்தான். பழக்கமில்லாதவர்களுக்கு இது உதவாது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதற்கு முன் கணினியையே பயன்படுத்தியிராத நோயாளிகளிடம்தான் பலன் கூடுதலாகக் காணப்பட்டது.